விடை மறைத்து அனுப்பிய வண்டி

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் ‘ரிப்போர்ட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வாசலில் யாராவது “ரிப்போர்ட் வந்தாச்சா?” என்று கேட்டால், “ரிப்போர்ட் டீ குடிக்கப் போயிருக்கு, பேப்பர் உள்ள இருக்கு” என்று நர்ஸ் பதில் சொல்வாள். அவர் சிரிக்கமாட்டார். கோபித்துக்கொள்ளவும் மாட்டார்.

கை சுத்தமான கை. குழந்தைகளுக்குக்கூட ஒரே குத்தில் நரம்பைப் பிடித்துவிடுவார். குழாயில் பெயர் ஒட்டிய பிறகுதான் ஊசியை எடுப்பார். எடுத்துவிட்டு ஒட்டுகிற வழக்கம் அவர் மேசையில் கிடையாது. நோயாளிகள் நாற்காலியில் உட்கார்ந்ததும், எப்போது தலை சுற்றியது, எங்கே வலித்தது என்று ஆரம்பிப்பார்கள். அவர் தடுத்துவிடுவார்.

“அதையெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லுங்க. என்கிட்ட சொல்லாதீங்க. கதையைக் கேட்டா கை அந்தப் பக்கம் சாஞ்சிடும்.”

அதில் ஒரு நியாயம் இருந்தது. சர்க்கரை இருக்கும் என்று கேட்டுவிட்டுப் பார்ப்பவன் கண்ணுக்குச் சர்க்கரைதான் தெரியும். ஆண்டுக்குச் சில முறை தலைமைப் பரிசோதனைக் கூடத்திலிருந்து சிறிய குப்பிகள் வரும். உள்ளே இருக்கும் ரத்தத்தில் எது எவ்வளவு என்பது அனுப்பியவர்களுக்குத் தெரியும், இங்கே சொல்லமாட்டார்கள். இவர் சோதித்து எழுதி அனுப்ப வேண்டும். விடை மறைத்த சாம்பிள் என்பார் அதை. ஒரு முறைகூட அவர் தவறியதில்லை. ஒரு மனிதனின் வேலையை அளக்க அதைவிட நேர்மையான வழி இல்லை என்பது அவர் முடிவு.

வீட்டில் ஒரு பழைய கார் இருந்தது. ஓட்டுவது மனைவி. சிறு வயதிலேயே அவருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. எதிரே வரும் வண்டி பக்கமா தூரமா என்பது பிடிபடாது. மனைவி ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் ஒரு தையல் வரிசைக்கு மேற்பார்வையாளர். வரிசையில் எந்த இயந்திரம் நூலை அறுக்கப்போகிறது என்று நடந்து போகும்போதே சொல்லிவிடுவாள். கடைசி ஆண்டு கல்லூரி படிக்கும் மகளும் காலையில் அவளோடு அக்கரைக்குப் போவாள். காரை ஓட்டாத குறையை அவர் வேறு வகையில் தீர்த்துக்கொண்டார். காற்று, எண்ணெய், தண்ணீர், கண்ணாடி துடைப்பான் எல்லாம் அவர் பொறுப்பு. கோளாறு என்றால் மனைவியின் தம்பியிடம் போகும். மைத்துனருக்கு ஆற்றுக்கு இந்தப் பக்கமே சொந்தமாக ஒரு பட்டறை இருந்தது.

அந்த மைத்துனர் மேல்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

ஒரு முறை காரின் முகப்பில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. மைத்துனர் பார்த்துவிட்டு ஒரு சென்சாரை மாற்றினார். இரண்டே நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. மறுபடி பார்த்தால், சென்சாருக்குப் போகும் ஒயரை எலி கடித்திருந்தது. பழைய சென்சாரில் குறையே இல்லை. மைத்துனர் அதை மறைக்கவும் இல்லை.

“அவசரப்பட்டுட்டேன் அத்தான். ஒயரைத்தான் முதல்ல பார்த்திருக்கணும்” என்று தானாகவே சொன்னார்.

சொன்னதால்தான் வினையே. பட்டறையில் நடப்பது ஊகம் என்று அன்றைக்கு ரிப்போர்ட்டின் மனதில் விழுந்தது. அடுத்த வாரமே கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஒரு கருவியை வரவழைத்தார். உள்ளங்கை அளவு. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் துளையில் அதன் வாலைச் செருகினால், வண்டியின் கம்ப்யூட்டர் எதைக் கண்டு மிரண்டது என்பதை ஓர் எழுத்தும் நாலு எண்ணுமாகக் காட்டும். அந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில் போனது, எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது என்பதையும் சேர்த்துக் காட்டும். கடைசியாக ஒரு பொத்தான்: அழி. அதை அழுத்தினால் விளக்கு அணைந்துவிடும்.

மைத்துனர் அதைப் பார்த்ததும் சிரித்தார்.

“என்ன அத்தான், பக்கத்துலயே கடை போடப் போறீங்களா?”

“கடை இல்ல மாப்ள. ஒரு செகண்ட் ஒப்பீனியன்.”

“நான் இன்னும் ஃபர்ஸ்ட்டே சொல்லலையே.”

இந்தக் கருவியை வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டால், வாங்கியது தப்பு என்று சொல்லவே முடியாது. கீழ்வீட்டுக் கணக்கு வாத்தியாரின் கார் உதறிக்கொண்டே ஓடியது. எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்று ஒரு பட்டறையில் சொல்லியிருந்தார்கள். இவருடைய கருவி ஒரே ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறுகிறது என்றது. வாத்தியார் அந்த எண்ணோடு வேறொரு பட்டறைக்குப் போனார். தீப்பொறி கொடுக்கும் ஒரு காயிலை மாற்றியதோடு உதறல் நின்றது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் குடியிருப்பின் கார் நிறுத்தத்தில் ரிப்போர்ட்டைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள்.

“டாக்டர் வந்தாச்சு, வரிசையில வாங்கப்பா” என்பார் வாத்தியார்.

“டாக்டர் இல்ல சார். நான் ரீடிங் மட்டும்தான் சொல்வேன்.”

அப்படிச் சொன்னாரே தவிர, வாத்தியார் காருக்குப் பிறகு அவர் ரீடிங்கோடு நிற்கவில்லை. போனில் தேடி, இதுவாக இருக்கும், அதுவாக இருக்கும் என்று சொல்லத் தொடங்கினார். பாதிப் பேர் காரில் அழி பொத்தானை அழுத்தினார். பலருக்கு விளக்கு திரும்ப வரவில்லை. சுவரில் குழந்தை கிறுக்கியதை ஈரத்துணியால் துடைத்த நிறைவோடு மாடிக்கு வருவார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில் மனைவி வேலையிலிருந்து வந்ததும் குடையைக்கூட விரித்து வைக்காமல் சொன்னாள்:

“பாலத்துல ஏறும்போது வண்டி செத்துடுச்சுங்க. மிதிக்கிறேன், மிதிக்கிறேன், ஒண்ணுமே இல்ல. ஆமை மாதிரி ஊர்ந்துச்சு. பின்னாடி எல்லாரும் ஹாரன். எப்படியோ ஓரங்கட்டி ஆஃப் பண்ணி மறுபடி போட்டேன், ஓடிச்சு. ஆனா மிதிக்கும்போது கால்ல ஒரு மாதிரி—”

“மஞ்ச லைட் எரியுதா?”

“எரியுது. நான் இவ்வளவு சொன்னதுல அது ஒண்ணுதான் காதுல விழுந்துச்சா?”

அவர் கருவியை எடுத்துக்கொண்டு கீழே போனார். மகளும் பின்னாலேயே வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். கருவி எண்ணைக் காட்டியது: பி இரண்டு ஒன்று மூன்று எட்டு. அவர் போனில் தேடினார். ஆக்சிலேட்டர் மிதியில் இரண்டு சென்சார்கள் இருக்கும். ஒன்று சொல்வதை மற்றது சரிபார்க்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வண்டி எதையும் நம்பாமல் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அவருக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது. கூடத்திலும் சந்தேகம் வந்தால் ஒரே ரத்தத்தை இயந்திரத்தில் இரண்டு முறை ஓட்டிப் பார்ப்பார்கள்.

“மாமாவுக்குப் போன் பண்ணி நம்பரைச் சொல்லிடலாம்பா” என்றாள் மகள்.

“சொல்லக் கூடாது.”

“ஏன்?”

“அவனா கண்டுபிடிக்கிறானான்னு பார்ப்போம். எங்களுக்கு வருதுல்ல, விடை மறைச்ச சாம்பிள். அந்த மாதிரி. இவனுக்கும் ஒண்ணு.” அவர் விரல் அழி பொத்தானுக்குப் போனது.

“விடையை அழிச்சிட்டுப் பரிட்சைக்கு அனுப்புறீங்க. கேள்வியும் சேர்ந்து போயிடாதா?”

“கோளாறு எங்கம்மா போகும்? வண்டிக்குள்ளதானே இருக்கு.”

அழிக்கலாமா என்று கருவி ஒரு முறை கேட்டது. ஆம் என்று அழுத்தினார். மஞ்சள் விளக்கு அணைந்தது.

மறுநாள் மனைவி காரைத் தம்பியின் பட்டறைக்குக் கொண்டுபோனாள். மைத்துனர் தன்னுடைய பெரிய ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார்.

“ஒண்ணுமே இல்ல அக்கா. வண்டி கண்ணாடி மாதிரி இருக்கு.”

“லைட் எரிஞ்சுதுடா.”

“எரிஞ்சிருந்தா உள்ள எழுதி வச்சிருக்கணுமே. நீ ரெண்டாவது கியருக்கு இறக்காம மூணுலயே பாலம் ஏறியிருப்ப. இழுக்காது.”

“இத்தனை வருஷமா அந்தப் பாலத்துலதான்டா ஏறிட்டு இருக்கேன்.”

“சரி, வயசாகுதுன்னு வச்சுக்கோ. வண்டிக்குச் சொன்னேன், உனக்கு இல்ல.”

அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து “ஒண்ணும் இல்லையாம்” என்று சாவியை ஆணியில் மாட்டினாள். ரிப்போர்ட் தலையாட்டினார். உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. மைத்துனர் தோற்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவார். இலையில் உட்காரவைத்து, எல்லோர் எதிரிலும் அந்த நாலு எண்ணைச் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்றுகூட யோசித்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் மனைவிக்குக் காய்ச்சல், வரவில்லை. அடுத்த ஞாயிறு எங்கோ கல்யாணம். இடையில் மஞ்சள் விளக்கு திரும்ப எரியவில்லை. அழித்ததிலேயே சரியாகிவிட்டது என்று அவர் நம்பத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் கார்களில் அப்படித்தானே ஆனது.

மனைவிக்குச் சரியாகவில்லை. ஒரு நாள் சிக்னலில் கிளம்பும்போது வண்டி ஒரு நொடி மூச்சைப் பிடித்துவிட்டு நகர்ந்தது. விளக்கு எரியவில்லை. தம்பியிடம் மறுபடி போனாள். அவர் மறுபடி ஸ்கேனரை மாட்டி, மறுபடி கையை விரித்தார். “அக்கா, நீ சரியாத் தூங்குறியா?” என்று கேட்டார். அக்கறையாகத்தான் கேட்டார். அவள் செருப்பை மாற்றினாள். இருக்கையை ஒரு பல் முன்னால் தள்ளினாள். காரில் ஏறியதும் மிதியையும் பிரேக்கையும் குனிந்து பார்த்துக்கொள்ளும் வழக்கம் வந்தது.

“என் கால்லதான் ஏதோ கோளாறு போல. எதை மிதிக்கிறேன்னே தெரியல” என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் குழம்பை ஊற்றிக்கொண்டார்.

“ரெண்டு நாள் லீவு போட்டு ஓய்வெடு” என்றார்.

சொல்லிவிட வேண்டிய நேரம் அது. ஆனால் சொன்னால், எப்போதிலிருந்து தெரியும் என்று கேள்வி வரும். ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்த எண் அதற்குள் வேறு மாதிரி ஆகிவிட்டிருந்தது. கொஞ்ச நாள் போகட்டும் என்று விட்டார்.

அந்தக் கொஞ்ச நாள் முடிவதற்குள் பாலத்தின் நடுவில் கார் நின்றது. காலை நேரம், தூறல், முன்னும் பின்னும் வண்டிகள். மனைவி மிதிக்க மிதிக்க வேகம் இறங்கியது. பின்னால் வந்த தண்ணீர் லாரி கடைசி நொடியில் ஒடித்து விலகிப் போனது. லாரியின் மறைவில் பைக்கில் ரொட்டி விற்றுக்கொண்டு வந்த ஒரு ரொட்டிக்காரர் விலக முடியாமல் காரின் பின்பக்கத்தில் மோதினார். தட்டுகள் சிதறி, ரொட்டியெல்லாம் ஈரத்தில் கிடந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்து, முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மனைவியும் மகளும் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். நசுங்கிய பின்கதவால் திருட்டு அலாரம் அலறத் தொடங்கியது. கூட்டம் கூடிவிட்டது. “நடுப் பாலத்துல பிரேக் அடிச்சா பின்னாடி வர்றவன் என்னம்மா பண்ணுவான்” என்று ஒருவர் சொன்னார். “வீட்ல ஓட்டிப் பழகிட்டு வரணும்” என்று இன்னொருவர் சொன்னார். மகள் அவரிடம் சண்டைக்குப் போனாள். இழுவை வண்டிக்காரர் வந்து, அலாரத்தை நிறுத்தத் தெரியாமல் பேட்டரியின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். பழைய மாடல் கார். ஒயரோடு அதன் கம்ப்யூட்டர் நினைவில் இருந்ததும் போயிற்று.

பட்டறையில் ஸ்கேனர் மறுபடியும் ஒன்றும் காட்டவில்லை. மைத்துனர் இந்த முறை வேடிக்கை பேசவில்லை. “தெரியல அக்கா” என்று மட்டும் சொன்னார்.

காவல் நிலையத்தில் மனைவியிடம் வாக்குமூலம் வாங்கினார்கள். பதற்றத்தில் கால் மாறிப் பிரேக்கில் பட்டிருக்கலாம் என்று அவள் சொன்னாள். யாரும் சொல்லித் தரவில்லை. அவளாகவே அந்த முடிவுக்கு வந்திருந்தாள். சாவியை ஆணியில் மாட்டாமல் அலமாரிக்குள் போட்டுவிட்டு, தொழிற்சாலைப் பேருந்தில் போக ஆரம்பித்தாள். வீட்டில் பேச்சு குறைந்தது. துணி மடிக்கும்போது நிறுத்திவிட்டு வலது காலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

மகள் அப்பாவைக் கார் நிறுத்தத்தில் பிடித்தாள். கார் நிற்கும் இடம் காலியாக, எண்ணெய்க் கறையோடு இருந்தது.

“நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?”

“அது வேற, இது வேறயா இருக்கலாம்மா. அன்னைக்கு அழிச்சதுக்கப்புறம் லைட்டே எரியலயே.”

“அம்மா மிதிச்சுட்டே இருந்தாங்கப்பா. நான் பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தேன்.”

“பயத்துல எதை மிதிச்சான்னு உனக்கு எப்படித் தெரியும்?”

மகள் ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே போனாள்.

ரொட்டிக்காரருக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. மூட்டிலும் அடி. எலும்பைச் சேர்க்க ஆபரேஷன். அதற்கு முன் ரத்தம் பார்க்க வேண்டும். பாலத்துக்குப் பக்கத்தில் இருந்தது ரிப்போர்ட் வேலை பார்த்த ஆஸ்பத்திரி ஒன்றுதான். வார்டிலிருந்து வந்த சீட்டைப் பார்த்ததும் ரிப்போர்ட் அதைத் தன்னுடன் வேலை பார்ப்பவரிடம் தள்ளப் பார்த்தார். அவர் விடுப்பு. தட்டை எடுத்துக்கொண்டு தானே போனார்.

ரொட்டிக்காரர் நாற்பது வயதுக்குள் இருப்பார். தோளில் கட்டு. ரிப்போர்ட் குழாயில் பெயரை ஒட்டினார். நல்ல கையில் பட்டையைக் கட்டி, விரலால் நரம்பைத் தேடினார்.

“கையை மூடுங்க.”

“நம்ம மேல தப்பு இல்ல சார்” என்று அவர் ஆரம்பித்தார். “முன்னாடி போன கார்...”

“அதெல்லாம் டாக்டர்கிட்ட—” என்று வாய் வரை வந்தது. டாக்டருக்கு அது எதற்கு? ரிப்போர்ட் சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

“லாரி போனதும் பார்க்கிறேன், முன்னாடி கார். ஓடுற வண்டின்னு நினைச்சேன். பிரேக் போட்டா பின்னாடி செவப்பு எரியணும்ல? எரியவே இல்ல சார். எரிஞ்சிருந்தா நான் புடிச்சிருப்பேன். அது பாட்டுக்கு செத்துப்போன மாதிரி நின்னுச்சு. அந்தம்மா பிரேக் அடிச்சாங்கன்னு ஸ்டேஷன்ல எழுதியிருக்காங்களாம். அடிக்கல சார். பாவம், அது ஏன் அப்படிச் சொல்லுச்சுன்னு தெரியல.”

ரத்தம் குழாயில் ஏறியது. ரிப்போர்ட் குழாயை மாற்றினார். ஊசியை எடுத்தார். பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு, வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்.

“வலிக்குதா?” என்று கேட்டார். எந்த நோயாளியிடமும் அவர் கேட்காத கேள்வி.

“தூங்கத்தான் முடியல சார். ஒரு பக்கமாவே படுக்கணும்.”

கூடத்துக்குத் திரும்பிக் குழாய்களை இயந்திரத்தில் வைத்தார். விடை மறைத்த சாம்பிளில் மறைந்திருப்பது விடை மட்டும்தான். ரத்தம் குப்பியில் அப்படியே இருக்கும், தேடுகிறவன் கண்டுபிடித்துக்கொள்ளலாம். அவர் மைத்துனருக்கு அனுப்பியது அப்படியல்ல. எப்போதாவது வந்து போகும் கோளாறுக்கு வண்டியில் இருந்த ஒரே தடயம் அந்த எண்ணும் அதோடு சேர்ந்த விவரமும்தான். அவர் குப்பியைக் கழுவிக் காயவைத்து அனுப்பியிருந்தார். மகள் அன்றைக்கே சொன்னாள்.

அன்று சாயங்காலம் மனைவியை அழைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார். எதற்கு என்று அவள் கேட்டதற்கு, அங்கே சொல்கிறேன் என்றார். கார் ஓரமாக நின்றது. மைத்துனர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“பி இரண்டு ஒன்று மூன்று எட்டு” என்றார் ரிப்போர்ட். ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்த ஆரம்பம் எதுவும் இப்போது வரவில்லை.

“எது?”

“முதல் தடவை பாலத்துல நின்னுச்சே, அன்னைக்குக் காட்டினது. உனக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நான் அழிச்சுட்டேன்.”

“ஏன் அத்தான்?”

“நீயா கண்டுபிடிக்கிறியான்னு பார்க்க.”

மைத்துனர் கொஞ்ச நேரம் துணியாலேயே விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு காரின் கதவைத் திறந்து, ஓட்டுநர் இருக்கையின் கீழ் தலையை விட்டுப் படுத்தார். ஸ்கேனரைப் பிடிக்கச் சொல்லி ரிப்போர்ட்டிடம் நீட்டினார். திரையில் மிதியின் இரண்டு சென்சார்களும் இரண்டு வரிசை எண்களாக ஓடின. மைத்துனர் மிதிக்கு மேலே இருந்த ஒயர்ச் செருகியை விரலால் அசைத்தார். ஒரு வரிசை அப்படியே நின்றது. இன்னொன்று தாவிக் கீழே விழுந்தது.

“விழுந்துச்சா?”

“விழுந்துச்சு.”

செருகியைப் பிடுங்கி வெளியே காட்டினார். ஒரு கம்பியில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. ஈரக் குடையை அந்தப் பக்கம் செருகி வைக்கிற வழக்கம் மனைவிக்கு. ஒவ்வொரு மழைக்கும் அங்கே கொஞ்சம் தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும்.

“நம்பர் இருந்திருந்தா அன்னைக்கே இங்கதான் வந்திருப்பேன்” என்றார் மைத்துனர், தரையில் உட்கார்ந்தபடி. “ஆனா நம்பர் இல்லாமலும் வந்திருக்கலாம். எப்ப நிக்குது, மழையிலயா வெயில்லயா, கால்ல எப்படித் தெரியுதுன்னு அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்கல. மெஷின்ல ஒண்ணும் இல்லன்னதும் இவகிட்டதான் ஏதோன்னு நானும் முடிவு கட்டிட்டேன். தூங்குறியான்னு கேட்டேன்.”

மனைவி காரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் குரல் உயரவில்லை.

“இவனுக்குப் பரிட்சை வச்சீங்க. சரி. அந்த வண்டியில யார் போனாங்க?”

அவர் கையிலிருந்த ஸ்கேனரைக் காரின் மேல் வைத்தார்.

“என் கால்ல கோளாறுன்னு சொன்னேன். எதிர்லதான் உட்கார்ந்து சாப்பிட்டுட்டு இருந்தீங்க.”

“ஆமா.”

“ஓய்வெடுன்னு சொன்னீங்க.”

மைத்துனர் எழுந்து, எதையோ எடுக்கப் போவது போல உள்ளே போய்விட்டார்.

மைத்துனர் செருகியை மாற்றி, பின்பக்கத்தையும் தட்டி நிமிர்த்திக் காரைக் கொண்டுவந்து விட்ட பிறகும் மனைவி உடனே அதைத் தொடவில்லை. பேருந்தில்தான் போனாள். ரிப்போர்ட் கருவியை என்ன செய்வது என்று மைத்துனரிடம் கேட்டார். தூக்கிப் போடச் சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தார்.

“ஏன் போடணும்? நல்ல சாமான். என்ன காட்டுதுன்னு பாருங்க, பார்த்ததை எனக்குச் சொல்லுங்க. அந்த அழி பொத்தானை மட்டும் நான் பார்க்கிற வரைக்கும் விட்டுடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்தத்தில் கூட்டம் நின்றது. அவர் கீழே போகவில்லை. “டாக்டர் லீவா?” என்று வாத்தியார் மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தார். காய்ச்சல் என்று மகள் சொல்லி அனுப்பினாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை காலை மனைவி அலமாரியிலிருந்து சாவியை எடுத்தாள்.

“ஸ்டேஷனுக்குப் போகணும். நான் சொன்னதை மாத்தி எழுதணும். நீங்களும் வாங்க. உங்களுக்குத் தெரிஞ்சதை நீங்கதான் சொல்லணும்.”

நிலையம் அக்கரையில் இருந்தது. பாலத்தில் ஏறும் இடத்தில் அவள் இரண்டாவது கியருக்கு இறக்கினாள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. கார் ஒழுங்காக ஏறி இறங்கியது.

அதிகாரி இருவரையும் பெஞ்சில் உட்காரவைத்து, முதலில் மனைவி சொன்னதை எழுதினார். பிறகு அவர் பக்கம் திரும்பினார்.

“வண்டியில கோளாறு இருக்குன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் இவங்களை ஓட்ட விட்டீங்களா?”

சாம்பிளைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தார். அழித்ததும் விளக்கு வராததைச் சொல்லலாம். வாத்தியார் காரைப் பற்றிக்கூடச் சொல்லலாம். பக்கத்தில் மனைவி கைப்பையின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“விட்டேன்” என்றார்.

அதிகாரி அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினார். இனி இது உங்கள் பக்கம் திரும்பலாம், இன்சூரன்ஸ்காரர்கள் கேள்வி கேட்பார்கள், அடிபட்டவர் தரப்பும் கேட்கலாம் என்று சொன்னார். புரிகிறது என்றார் ரிப்போர்ட். உண்மையில் எல்லாம் புரியவில்லை. கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

திரும்பும்போது தூறல் ஆரம்பித்தது. கண்ணாடி துடைப்பான் ஒரு பக்கம் கீறிக்கொண்டே ஓடியது. அதன் ரப்பரை மாற்ற வேண்டியது அவர் பொறுப்பு. பாலம் வந்தது. கார் நின்ற இடத்தில் ஒன்றும் இல்லை, ஈரத் தரைதான். அவர் மனைவியின் காலைப் பார்த்தார். பார்த்தது அவளுக்குத் தெரிந்துவிடும் என்று முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

“மிதி இப்ப எப்படி இருக்கு?” என்று ஜன்னலைப் பார்த்தே கேட்டார்.

பாலம் முடிந்து, சிக்னல் சிவப்பில் நின்ற பிறகு சொன்னாள்:

“இப்ப நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க.”

“சொல்லு.”

“நூல் அறுந்தது தெரியாம மிஷின் ஓடும் பாருங்க. ஊசி ஏறி இறங்கும், துணி நகரும், தையல் மட்டும் விழாது. கால் போகுது, அந்தப் பக்கம் எதுவும் பிடிக்கல. முதல் நாளே சொல்ல வந்தேன். நீங்க லைட் எரியுதான்னு கேட்டீங்க.”

சிக்னல் மாறியது. அவள் ஓட்டிக்கொண்டே சொன்னாள். வண்டி மூச்சைப் பிடித்த நாளைப் பற்றி, செருப்பை மாற்றியதைப் பற்றி, தம்பி தூக்கத்தைப் பற்றிக் கேட்டபோது கழிப்பறைக்குப் போய் அழுததைப் பற்றி. அவர் நடுவில் எதுவும் கேட்கவில்லை. கை அந்தப் பக்கம் சாய்ந்தால் சாயட்டும் என்று உட்கார்ந்திருந்தார். கார் நிறுத்தத்துக்கு வந்த பிறகும் அவள் எஞ்சினை அணைக்கவில்லை. இன்னும் சொல்ல இருந்தது.